உயர்கணிதத்தை எந்த வரிசையில் படிப்பது?

உயர்கணிதத்தைத் தாமாகவே படிக்க நினைக்கும் பலர் நேராக டோபாலஜியை (தூரத்தை அளக்காமலே வெளிகளின் வடிவத்தை ஆராயும் பிரிவு) திறந்து, சில பக்கங்களிலேயே மூடிவிடுகிறார்கள். திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வரிசைதான் தப்பு.

படி 1: எங்கே போகிறீர்கள்?

எல்லோருக்கும் ஒரே வரிசை கிடையாது. இலக்கை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். நிகழ்தகவை ஆழமாகப் படிக்க ஆசையா? 1933இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் அதை மெஷர் தியரியின் (நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் பாடம்) மேல் நிறுத்தினார். மெஷர் தியரிக்கு, எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றை நிரூபணத்தோடு படிக்கும் ரியல் அனாலிசிஸ் வேண்டும். அதற்கு நிரூபணம் எழுதத் தெரிய வேண்டும். சரி, பாதை கிடைத்துவிட்டது. ஐந்தாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க, வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றைக் கொண்டு எழுதிய பொதுச் சூத்திரம் ஏன் இல்லை என்பதுதான் உங்கள் கேள்வியா? அப்படியானால் லீனியர் அல்ஜீப்ரா, குலங்கள், வளையங்கள், களங்கள் (கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் விதிகளைக் கொண்ட அமைப்புகள்), அப்புறம் சமன்பாட்டின் தீர்வுகளுக்குள் இருக்கும் சமச்சீரை ஆராயும் கேல்வா தியரி. இந்தப் பாதையில் மெஷர் தியரிக்கு வேலையே இல்லை.

படி 2: நிரூபணம்

பள்ளியில் கணக்குப் போட்டோம். இங்கே காரணம் எழுத வேண்டும். √2 விகிதமுறா எண் என்பதையும் பகா எண்கள் முடிவில்லாதவை என்பதையும் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். கூடவே இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்: “ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு.” “எல்லா இயல் எண்களையும்விடப் பெரிய இயல் எண் ஒன்று உண்டு.” முதலாவது சரி, இரண்டாவது தவறு. “ஒவ்வொன்றுக்கும்”, “ஒன்று உண்டு” ஆகியவற்றின் இடம் மாறியதில் வந்த வேறுபாடு இது. இது பிடிபட்டால், எல்லைக்குத் துல்லியமான வரையறை தரும் எப்சிலான்-டெல்டா மிரட்டாது.

படி 3: இரண்டு தூண்கள்

லீனியர் அல்ஜீப்ராவையும் ரியல் அனாலிசிஸையும் ஒரே காலத்தில் படிக்கலாம். அணிகளைப் பெருக்குவதோடு நிறுத்தாமல் வெக்டர் வெளி, நேரியல் சார்புடைமை, ஐகன் மதிப்பு வரை போங்கள். அனாலிசிஸ் மெதுவாகத்தான் நகரும், அவசரப்படாதீர்கள். அது சலிக்கும் நாளில் அல்ஜீப்ரா கைகொடுக்கும்.

படி 4: டோபாலஜிக்கு முன் மெட்ரிக் வெளி

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கச்சிதம் (compactness) என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். அனாலிசிஸில், [0, 1] போன்ற மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை அடையும் என்று படிப்பீர்கள். திறந்த இடைவெளியில் அது பொய்க்கலாம்: (0, 1)இல் 1/x எல்லையில்லாமல் ஏறுகிறது. மெட்ரிக் வெளியில், அதாவது புள்ளிகளுக்கிடையே தூரம் வரையறுக்கப்பட்ட வெளியில், மூடிய இடைவெளியின் அந்த நல்ல குணம் கச்சிதம் என்ற பெயரில் வேறு உருவில் வருகிறது: எந்தத் தொடர்முறையை எடுத்தாலும், அந்த வெளிக்குள்ளேயே ஒருங்கும் உட்தொடர்முறை ஒன்று அதில் இருக்கும். டோபாலஜியில் தூரமே கிடையாது. எனவே திறந்த கணங்களால் எப்படிப் போர்த்தினாலும், அவற்றில் முடிவுள்ள சிலவே போதும் என்கிறார்கள். முதல் இரண்டையும் பார்க்காதவருக்கு மூன்றாவது வரையறை வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். பார்த்தவருக்கு அது பழகிய முகம்.

படி 5: மற்றவை

குலக் கோட்பாட்டை லீனியர் அல்ஜீப்ராவுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கலப்பெண் சார்புகளைப் படிக்கும் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் ரியல் அனாலிசிஸுக்குப் பின். மிக அழகான பாடம், தள்ளிப்போடாதீர்கள். ஃபங்ஷனல் அனாலிசிஸைக் கடைசியில் வையுங்கள். முடிவிலாப் பரிமாண வெளிகளில் லீனியர் அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் டோபாலஜியும் ஒன்றுசேரும் இடம் அது.

படி 6: அடுத்ததற்குப் போகலாமா?

படித்த பாடத்திலிருந்து ஐந்து வரையறைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று, பொருந்தாதது ஒன்று என்று புத்தகம் மூடியபடி எழுதுங்கள். பொருந்தாததைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த அத்தியாயத்தின் பயிற்சிக் கணக்குகளுக்குத் திரும்புங்கள். புதிய புத்தகம் அதுவரை காத்திருக்கட்டும்.