கத்தோலிக்கப் பள்ளியை மதிப்பிட வேண்டுமா? டி.சி. புத்தகத்தில் தொடங்குங்கள்

அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 29 வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெறும் முன் தாளாளர் ஃபாதர் கூப்பிட்டு, "சார், நம்ம பள்ளியோட நிறைகுறைகளை எழுதிக் கொடுங்க" என்றார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெருமையோடு முதல் வரியை எழுதினேன். மறுநாளே அதைக் கிழித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பையன் ஒருவனை அன்று மாலை பெயின்ட் வாளியோடு பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததுதான் காரணம். என் வகுப்பில் படித்தவன்.

நீங்கள் அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஏதாவது ஒரு வருடத்து ஆறாம் வகுப்பை எடுத்து, பெயர் பெயராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களோடு ஒத்துப் பாருங்கள். விடுபட்ட பெயர்களை டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) புத்தகத்தின் அடிக்கட்டையில் தேடுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்திவைக்க முடியாது. அதனால் தேர்ச்சி சதவீதத்துக்காகச் சரியாகப் படிக்காத பிள்ளைகளை வடிகட்டுவதெல்லாம் ஒன்பதில்தான் நடக்கும். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருக்கும். சரி, அந்தப் பெற்றோரின் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். நான் ஏழு வீடுகளுக்குப் போனேன். ஐந்து வீடுகளில், "நீங்கதானே சார் வந்து வாங்கிக்கச் சொன்னீங்க" என்றார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கத்தோலிக்கப் பள்ளிக்கென்று ஒரு சொந்த அளவுகோல் இருக்கிறது. 1965-ல் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்கள், விசுவாசத்தைப் பெறாதவர்கள் ஆகியோரைத் தனிக் கவனத்தோடு பார்க்கச் சொல்கிறது. அதன்படி பார்த்தால், வெளியே போன பிள்ளைதான் முதல் கேள்வி.

அப்புறம் இரண்டு மீடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல பள்ளிகளில் தமிழ் வழி அரசு உதவியோடும், ஆங்கில வழி சுயநிதியிலும் நடக்கின்றன. ஆய்வகத்துக்கு யார் எத்தனை முறை போகிறார்கள், மின்விசிறி எந்த வகுப்பில் ஓடுகிறது, காலியான பணியிடத்தில் அரசுச் சம்பளம் இல்லாமல் பள்ளி நிர்வாகம் தரும் சம்பளத்தை வாங்கும் இளம் ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள், மூன்று மணிக்குப் பாருங்கள்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்ற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். நன்னெறி வகுப்பு என்று அட்டவணையில் இருக்கும். எங்கள் பள்ளியில் பாதி நாள் அது கணக்குப் பாடமாகிவிடும். அந்த நேரத்தை வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

நிறைகளை எழுதும்போதும் சான்று வேண்டும். 'ஒழுக்கம்' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. எங்கள் சிஸ்டர் ஒருவர், மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகாமல் இருந்ததே கிடையாது. அவருடைய நோட்டில் தேதியோடு இருந்தது. எங்கள் பள்ளியின் மிகப் பெரிய பலம் அந்த நோட்டுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாணவர் தலைவனிடம் மட்டும் பேசாதீர்கள். கடைசி பெஞ்சுப் பையன், வாட்ச்மேன், சத்துணவு அக்கா மூவரிடமும் தனித்தனியே பேசுங்கள். "ஒரு ஆசிரியர் அடித்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். பதில் வராமல் பையன் தரையைப் பார்த்தால் அதையும் எழுதுங்கள். புகாரைக் கேட்பவரும் நடவடிக்கை எடுப்பவரும் ஒரே ஆளாக இருப்பது நம் பள்ளிகளின் பெரிய குறை.

எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஃபாதர்கள் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார்கள், அறிக்கையும் அவர்களோடு போய்விடும். ஒன்று தலைமை ஆசிரியருக்கு, ஒன்று தாளாளருக்கு. மூன்றாவதை மறைமாவட்டத்தின் ஆர்.சி. பள்ளிகள் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.