ஜன்னல் அட்டையும் காப்பிக்கொட்டை ஓட்டும்

சேலத்துக் கிளை நூலகத்திலோ ஏற்காட்டுப் பள்ளியிலோ விருது பெற்ற படப் புத்தகங்களை நேராகக் கொடுத்தால், ‘இங்கிலீஷ் புக்’ என்று பிள்ளைகள் தள்ளி வைத்துவிடுவார்கள். முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள்.

ஏ4 அளவு கெட்டி அட்டையின் நடுவே 4 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, பக்கத்தின் மேல் வையுங்கள். மூக்கு நுனியோ வாலோ மட்டும் தெரியும். “இது யாரு?” என்று கேட்டு, மெல்ல நகர்த்துங்கள். ஓட்டை பெரிதானால் முதல் பார்வையிலேயே விடை தெரிந்து ஆட்டம் முடிந்துவிடும். அட்டையை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது படத்தின் மை உரிந்து வரும். 5 பேருக்கு ஒரு புத்தகம் போதும். கூடினால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.

தொடங்க நல்லது, 2010இல் கால்டெகாட் பதக்கம் வென்ற ‘தி லயன் அண்ட் தி மவுஸ்’. விலங்குகளின் ஒலிகளைத் தவிர எழுத்தே இல்லை; கதையைப் பிள்ளைகளே தமிழில் சொல்லலாம். 1938 முதல் அமெரிக்காவில் படப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவருக்கே தரப்படும் பதக்கம் இது. அதனால் கதையை விடுத்து, “எந்தப் படம் உன்னை நிறுத்தியது?” என்றே கேளுங்கள்.

கடைசியில், பிடித்த புத்தகத்துக்கு ஓட்டு. புத்தகத்துக்கு ஒரு டம்ளர், ஓட்டுப் போட ஆளுக்கு ஏற்காட்டில் 3 காப்பிக்கொட்டை, சேலத்தில் 3 புளியங்கொட்டை. டம்ளர்களைத் துணியால் மூடுங்கள். கை தூக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் அண்ணன், அக்காவைப் பார்த்தே தூக்குவார்கள். வென்ற புத்தகத்துக்குத் தங்க நிறத் தாளில் பதக்கம் வெட்டி, அலமாரி விளிம்பில் ஒட்டுங்கள்.