ஐடிஇ, சாட்டா, என்விஎம்இ: கடலோர வீட்டுக் கணினிக்கு எது?

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று ஒதுக்கப்படும் கணினிகளில், டிஸ்க் நன்றாக இருந்து கேபிள் செருகும் உலோக முனையில் (பின்) மட்டும் களிம்பு ஏறியிருப்பதும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், படிந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். அதில் மின்சாரமும் ஓடினால் உலோகம் சீக்கிரம் அரிக்கும். டிஸ்க்கைக் கணினியின் மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு வகைகள்தான் ஐடிஇ, சாட்டா, என்விஎம்இ. அதனால் இங்கே இணைப்பைத் தேர்வு செய்யும்போது வேகத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டைக் கேபிள் கொண்ட பழைய ஐடிஇ-யின் உச்ச வேகம் நொடிக்கு 133 எம்பி. கேபிள் 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தரவு 16 கம்பிகளில் ஒரே நேரத்தில் போவதால், ஒரு பின் கறுத்தாலும் கோப்பு கெடலாம். இதைச் செப்பனிட்டு ஓட்டுவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களை முதலில் வெளியே எடுங்கள். ஐடிஇ-யை யுஎஸ்பி-யாக மாற்றும் அடாப்டர் வாங்கும்போது, 12 வோல்ட் பவர் சப்ளை சேர்ந்து வருகிறதா பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும், 3.5 அங்குல டிஸ்க் அதில் சுற்றாது. டிஸ்க்கின் பின்புறமுள்ள ஜம்பர் என்ற சிறு செருகியை ‘மாஸ்டர்’ நிலையில் வைத்து, பவர் கொடுத்து, டிஸ்க் சீராகச் சுற்றும் சத்தம் கேட்ட பிறகு யுஎஸ்பி-யைச் செருகுங்கள். நொடிக்கு 30 எம்பி வீதம் 80 ஜிபி நகல் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

சாட்டாவில் டேட்டாவுக்கு 7 முனை, பவருக்கு 15. சாட்டா 1, 2, 3 என்று தலைமுறை வாரியாக உச்சம் நொடிக்கு 150, 300, 600 எம்பி. சுற்றும் டிஸ்க் பெரும்பாலும் 100 முதல் 200 எம்பிக்குள்தான் ஓடும். ஆகவே சாட்டா 2 போர்டு என்பதற்காக ஹார்ட் டிஸ்க் வாங்கத் தயங்க வேண்டாம். எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) போட்டால் அதே போர்டில் 270 எம்பி அளவில் நிற்கும். ஆனாலும் கணினி திறக்கும் வேகம் அடியோடு மாறும்.

சாட்டாவில் பலர் பார்க்காமல் விடுவது சி7 எண். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து 05 (மாற்றப்பட்ட கெட்ட இடங்கள்), சி5 (படிக்கத் திணறும் இடங்கள்), சி7 (கேபிள் வழியில் வந்த பிழைகள்) மூன்றின் ரா வேல்யூவையும் குறித்துக்கொள்ளுங்கள். சி5 ஏறினால் டிஸ்க்கே கெடுகிறது, உடனே நகல் எடுங்கள். 05-ம் சி5-ம் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால், பழுது பெரும்பாலும் கேபிளிலோ முனையிலோதான். சி7 ஒருமுறை ஏறினால் இறங்காது. பழைய எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், கேபிளை மாற்றி, 10 ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுத்து, எண் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். கூடவில்லை என்றால் புது டிஸ்க் வாங்கும் காசு மிச்சம்.

முனையைச் சுத்தம் செய்ய 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பல் துலக்கும் பிரஷும் போதும். மின்சாரத்தைத் துண்டித்துத் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டு, கேபிளை மூன்று நான்கு தடவை செருகி எடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெலிது, சுரண்டினால் அடியில் உள்ள உலோகம் இந்தக் காற்றில் இன்னும் வேகமாக அரிக்கும். பழைய நான்கு பின் பவரை சாட்டாவாக மாற்றும் கம்பிகளில், பிளாஸ்டிக்கை ஊற்றி வார்த்த மலிவு ரகம் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பதுண்டு. கம்பிகள் தனித்தனியாகத் தெரியும் ரகமாக வாங்குங்கள்.

என்விஎம்இ-க்குக் கேபிளே கிடையாது, போர்டிலேயே எம்.2 இடத்தில் திருகி உட்காரும். பிசிஐஇ 3-ல் (போர்டின் அதிவேகப் பாதையின் மூன்றாம் தலைமுறை) நொடிக்கு 3,500 எம்பி வரை போகும். புதுக் கணினிக்கு இதுவே சரி. ஆனால் எம்.2 வடிவத்திலேயே சாட்டா ரகமும் விற்கிறது, போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். எம்.2 இடமே இல்லாத பழைய போர்டுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். அடாப்டரில் என்விஎம்இ போட்டாலும் அதிலிருந்து விண்டோஸ் கிளம்ப, கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் மென்பொருளான பயாஸ் ஒத்துழைக்காமல் போகலாம்.

உப்புக்காற்றுக்குப் பயந்து ஓடும் ஹார்ட் டிஸ்க்கைப் பாலித்தீனில் சுற்றாதீர்கள். சூடு வெளியேறாது, மூடியிலுள்ள காற்றுத்துளையும் அடைபடும். கழற்றிய பழைய டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஜன்னலிலிருந்து தள்ளி, உள்ளறை அலமாரியில் வையுங்கள்.