அடங்காத பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவும்: ராமநாதபுரம் கரையோரப் பெற்றோருக்கு

பள்ளிக்குப் போவதில்லை, ராத்திரி வீடு தங்குவதில்லை, கேட்டால் கை ஓங்குகிறான். இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை, "ஹோம்ல விட்டுடுங்க." அடுத்தது, "அதிகாரிங்க கண்ணுல பட்டா பிள்ளையைப் பிடுங்கிக்குவாங்க." இரண்டும் தப்பு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. பிள்ளையைப் பெற்றோரிடமே விட வழி உண்டா என்றுதான் குழந்தைகள் நலக் குழு முதலில் பார்க்க வேண்டும்.

எந்த வாசல் என்பதில் குழம்பாதீர்கள். திருட்டு, அடிதடி என்று பிள்ளைமேல் போலீஸ் வழக்கு இருந்தால் இளைஞர் நீதிக் குழுமம். ஓடிப்போவது, படிப்பை விட்டது, வீட்டில் பாதுகாப்பில்லாதது எல்லாம் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. நீங்களே நேரில் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

பிள்ளை காணவில்லையென்றால் "ஒருநாள் பார்ப்போம்" என்று உட்காராதீர்கள். காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை; உடனே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். ராமேஸ்வரத்தில் ரயிலேறிய பையன் சென்னை எழும்பூரில் கிடைத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள குழு முன் நிறுத்துவார்கள். வழக்கை ராமநாதபுரத்துக்கு மாற்றித் தரும்படி அங்கே எழுதிக் கேளுங்கள். பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையோடு நீங்கள் இருக்கும் போட்டோ கையில் இருக்கட்டும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளியில் ஒன்று என்றால் பயப்பட வேண்டாம். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று, அடுத்தது பிறப்புச் சான்றிதழ்.

உண்மையில் எல்லாம் நிற்பது, வீட்டு நிலையை விசாரித்துக் குழுவுக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கையில். 15 நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை அது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், பிள்ளை படுக்கிற இடத்தைப் பார்ப்பார், பக்கத்து வீட்டிலும் பள்ளியிலும் கேட்பார். பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். அம்மா "எம் பிள்ளை தங்கம்" என்று மூடி மறைப்பார்; பள்ளி வேறு கதை சொல்லும்; அப்புறம் அம்மா சொல்வது எதுவும் எடுபடாது. அப்பா கோபத்தில் "எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்கங்க" என்பார். வீட்டில் அது ஒருநாள் கோபம், ஃபைலில் ஏறினால் பராமரிக்க மறுத்த தகப்பன். அப்பாவுக்குக் குடி இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரு சொல்லும்.

நடப்பதை எழுதி வைத்துக் குழுவிடம் காட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். "4ஆம் தேதி. காலை 9 மணிக்கு ஸ்கூலுக்குக் கிளம்பினான், போகவில்லை. மதியம் 2 மணிக்குப் படகுத்துறைப் பக்கம் இருந்தான். ஏன் என்றதற்குத் தட்டைத் தூக்கி எறிந்தான். யாரும் அடிக்கவில்லை. சாயங்காலம் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம்." இப்படி நாள், நேரம், நடந்தது, நீங்கள் செய்தது. "ரொம்பச் சேட்டை" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஆறு வரி பேசும். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுகளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.

"நாலு தடவை கடலுக்குக் கூட்டிப்போனா திருந்திடுவான்" என்பது நம் கரையோரத்து வைத்தியம். 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு மட்டும் உண்டு. ராத்திரி வலை இழுத்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குவது அந்த விலக்கில் சேராது.

அதைவிட மோசம் கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப முடியாமல் மாண்டது இதே மாவட்டத்தில்தான். தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை. கூடவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டுங்கள். அடங்காமைக்கு வலிப்போ கவனக்குறைபாடோ காரணமாகவும் இருக்கலாம். பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

விசாரணை நாளில் இருவரும் வாருங்கள். அன்று கடலுக்குப் போகப் படகு டோக்கன் வாங்க வேண்டாம். அப்பா இலங்கைச் சிறையில் இருந்தால் மீனவர் சங்கக் கடிதம் ஒன்று கொண்டுவாருங்கள்; இல்லையேல் "தகப்பன் வரவில்லை" என்று மட்டும் பதிவாகும்.

வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் வெள்ளைத்தாளில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மேற்பார்வையோடு வீட்டுக்கு அனுப்புதல், கவுன்சலிங், சிகிச்சை, வருமானம் குறைவென்றால் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு என நான்கையும் கேட்கலாம். பிள்ளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் தரும் உறுதிமொழித் தாளை முழுக்க வாசித்த பிறகே கையெழுத்து. வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழு இறுதி உத்தரவு போட 4 மாதக் கெடு உண்டு. உத்தரவு சரியில்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழு நடந்துகொள்ளும் விதத்தில் குறை என்றால் கலெக்டரிடம் புகார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வக்கீல் இலவசம், சட்ட உதவி எண் 15100இல் கேளுங்கள்.

பிள்ளை வீடு திரும்பிய பிறகும் பார்க்க வருவார்கள். போன் நம்பரோ வீடோ மாறினால் அன்றே எழுதிக் கொடுங்கள்.