கம்ப்யூட்டர்ல இருந்து போட்டோ பிரிண்ட் போடுறப்போ எந்த செட்டிங் எதுக்கு

ஸ்கிரீன்ல பளிச்சுனு இருந்த போட்டோ பேப்பர்ல வந்ததும் வெளுத்துப்போய், முகமெல்லாம் செங்கல் கலர்ல, ஓரத்துல நின்னவரோட தலை பாதி வெட்டுப்பட்டு வந்திருந்தா உடனே பிரிண்டர் சரியில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. இங்க் மேலயும் பழி போடாதீங்க. பெரும்பாலும் நடக்கிறது என்னன்னா, உள்ள என்ன பேப்பர் வச்சிருக்கீங்கன்னு பிரிண்டருக்கு தெரியாது. சில மாடல்ல அதை கண்டுபிடிக்க சென்சார் இருக்கு, மத்ததுல நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் அது நம்பும். நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னா சாதாரண வெள்ளை பேப்பர்னு எடுத்துக்கும்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது பேப்பர் டைப். சில டிரைவர்ல (பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) இதையே மீடியா டைப்னு போட்டிருப்பாங்க. எல்லாரும் குவாலிட்டிய ஹைல வைக்கிறாங்க, கலர் ஸ்லைடர இழுக்கிறாங்க, இதை மட்டும் தொடவே மாட்டாங்க, ஆனா என்னைக் கேட்டா மத்த எல்லா செட்டிங்கையும் சேர்த்தாலும் இதுக்கு ஈடாகாது. காரணம் என்னன்னா சாதாரண பேப்பர்ல இங்க் நாருக்குள்ள இறங்கி பரவிடும், அதனால டிரைவர் இங்க்கை கம்மியா தெளிக்கும், துளியும் அவ்ளோ நுணுக்கமா இருக்காது. போட்டோ பேப்பர்ல மேல ஒரு பூச்சு இருக்கு, அது துளிய பரவ விடாம அங்கேயே பிடிச்சு வச்சுக்கும், அதனால அதுக்கு நிறைய இங்க்கை பொடிப்பொடி துளியா போடலாம். கிளாஸி, அதாவது பளபளப்பான போட்டோ பேப்பரை உள்ள வச்சுட்டு செட்டிங்கை பிளெயின்லயே (சாதாரண பேப்பர்) விட்டீங்கன்னா வெளிறிப்போய், குறுக்க கோடு கோடா வரும். பிளெயின் பேப்பரை வச்சுட்டு கிளாஸின்னு சொன்னீங்கன்னா ஊறிப்போய் அலை அலையா நெளியும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, கருப்பு இங்க். நிறைய வீட்டு பிரிண்டர்ல எழுத்துக்குன்னு இருக்கிற கருப்பு பிக்மென்ட் இங்க் (பொடித்துகளா இருக்கிற சாயம்), கலர் மூணும் டை இங்க் (கரைஞ்சிருக்கிற சாயம்). அந்த பிக்மென்ட் கருப்பு கிளாஸி பூச்சுக்குள்ள இறங்காது, மேலயே உட்கார்ந்திருக்கும். போட்டோ பேப்பர்னு சொன்னாத்தான் டிரைவர் அந்த கருப்பை விட்டுட்டு கலரைக் கலந்து கருப்பாக்கும், தனியா போட்டோ பிளாக் இருக்கிற பிரிண்டரா இருந்தா அதை எடுத்துக்கும். நான் ஒரு தடவை அவசரத்துல இதை மாத்தாம 20 போட்டோ போட்டுட்டேன், தலைமுடி இருந்த இடமெல்லாம் விரல் பட்டா ஈசிக்கிட்டு வந்துச்சு, மறுநாள் தொட்டுப் பார்த்தாலும் அப்படியேதான், அத்தனையும் திரும்ப போட வேண்டியதாப் போச்சு.

உங்க பேப்பர் ஒரு கம்பெனி, பிரிண்டர் வேற கம்பெனின்னா லிஸ்ட்ல அதே பேர் இருக்காது. கிளாஸின்னா கிளாஸிக்கு பக்கமா இருக்கிறது, மேட்னா (பளபளப்பு இல்லாதது) மேட், சாட்டின்னா செமி கிளாஸ், அப்படி எடுங்க. நல்ல பேப்பர் கம்பெனிங்க எந்த பிரிண்டருக்கு எந்த டைப்பை எடுக்கணும்னு அவங்க சைட்லயோ கவர்லயோ போட்டிருப்பாங்க, ஒரு தடவை பார்த்துடுங்க. பேப்பர் வைக்கிறப்போ எந்தப் பக்கம் பிரிண்ட் ஆகும்னும் பாருங்க, பளபளப்பாவோ ரொம்ப வெள்ளையாவோ இருக்கிறதுதான் பிரிண்ட் பக்கம். லேசர் பிரிண்டர் வச்சிருக்கவங்க இங்க்ஜெட் போட்டோ பேப்பரை அதுல விடவே கூடாது, உள்ள இருக்கிற சூட்டுல பூச்சு உருகி ஃபியூசர்ல, அதாவது பேப்பரை சூடாக்குற உருளையில ஒட்டிக்கலாம், ரிப்பேர் செலவு பெருசா வந்துடும்.

சரி, இந்த செட்டிங் எங்க இருக்கு? விண்டோஸ்ல போட்டோ மேல ரைட் கிளிக் பண்ணி பிரிண்ட் கொடுத்தா ஒரு பெட்டி வரும், அதுல கீழ ஆப்ஷன்ஸ்னு ஒரு லிங்க், அதுக்குள்ள பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அதுதான் டிரைவரோட சொந்தப் பெட்டி, விஷயமெல்லாம் அங்கதான் இருக்கு. மேக்ல பிரிண்ட் பெட்டியிலேயே மீடியா அண்ட் குவாலிட்டின்னோ அதைப்போல வேற பேர்லயோ ஒரு பகுதி இருக்கும், கம்பெனிக்கு கம்பெனி பேர் மாறும். அங்க போய்ப் பார்த்தா பிளெயினைத் தவிர ஒண்ணுமே இல்ல, இல்ல ரெண்டே ரெண்டு டைப்தான் இருக்குன்னா, விண்டோஸ் தானா போட்டுக்கிட்ட பொதுவான டிரைவர்ல ஓடிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். பிரிண்டர் கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கான முழு டிரைவரை இறக்கிப் போடுங்க, அதுக்கப்புறம்தான் லிஸ்ட் முழுசா வரும். இதைத் தெரியாம பல பேர் மாசக்கணக்கா பிரிண்டரைத் திட்டிட்டு இருக்காங்க.

ஒரு ஆர்டரும் முக்கியம். முதல்ல பேப்பர் டைப், அப்புறம் சைஸ், அப்புறம் பார்டர்லெஸ் (வெள்ளை ஓரமே இல்லாம போடுறது), கடைசியா குவாலிட்டி. ஏன்னா பேப்பர் டைப்பை மாத்தினதும் மத்ததெல்லாம் தானா மாறும், பிளெயின்ல இருக்கிற வரைக்கும் சில டிரைவர்ல பார்டர்லெஸ் டிக் பண்ணவே விடாது, குவாலிட்டியிலயும் மேல இருக்கிறது மங்கலா கிடக்கும்.

சைஸ்ல ரெண்டு இடத்துல தப்பு நடக்கும். ஒண்ணு, டிரைவர்ல A4, பிரிண்ட் பெட்டியில 4×6, உள்ள வச்சிருக்க பேப்பர் 4×6, இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாம இருக்கிறது. மூணுமே ஒரே சைஸா இருக்கணும். ரெண்டாவது, போட்டோவோட வடிவமும் பேப்பரோட வடிவமும் வேற வேற. போன்ல எடுக்கிற போட்டோ பெரும்பாலும் 4:3, 4×6 பேப்பர் 3:2. 6 இன்ச் அகலத்துக்கு அந்த போட்டோவை நிரப்பினா உயரம் 4.5 இன்ச் வரும், பேப்பர் 4 இன்ச்தான், அப்போ அரை இன்ச் எங்கயாவது வெட்டுப்பட்டே ஆகணும். விண்டோஸ் பெட்டியில கீழ ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்னு ஒரு டிக் முன்னாடியே போட்டிருக்கும், தலையை வெட்டுறது அதுதான். டிக்கை எடுத்துட்டா முழு போட்டோவும் வரும், ஆனா ரெண்டு பக்கம் வெள்ளை ஓரம் விடும். மேக்ல பிரிவியூ ஆப்ல பிரிண்ட் என்டயர் இமேஜ், ஃபில் என்டயர் பேப்பர்னு ரெண்டு இருக்கும், அதே கதைதான். நான் சொல்றது என்னன்னா இந்த முடிவை கம்ப்யூட்டர்கிட்ட விடாம, முன்னாடியே ஏதாவது ஒரு எடிட்டர்ல 3:2ன்னு வச்சு நீங்களே கிராப் பண்ணிடுங்க, யார் தலை போகலாம் எது போகக்கூடாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

பார்டர்லெஸ் போட்டா இன்னும் கொஞ்சம் போகும். வெள்ளை ஓரம் தெரியக்கூடாதுன்னு டிரைவர் படத்தை லேசா பெருசாக்கி பேப்பருக்கு வெளியவும் கொஞ்சம் இங்க் தெளிக்கும், அதனால நாலு பக்கமும் சில மில்லிமீட்டர் காணாம போகும். எவ்ளோ பெருசாக்கணும்னு சில டிரைவர்ல ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை கம்மி பண்ணலாம், ரொம்ப கம்மி பண்ணா ஒரு பக்கம் மெல்லிசா வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். ஓரத்துல தேதியோ கையோ இருக்கிற போட்டோன்னா பார்டரோட போடுறதுதான் எனக்குப் பிடிக்கும்.

பிக்சல் கணக்கு ரொம்ப பேரை குழப்புது, ஆனா ஒரே ஒரு வகுத்தல்தான். போட்டோவோட நீளப்பக்க பிக்சலை பேப்பரோட நீளப்பக்க இன்ச்சால வகுத்துப் பாருங்க, 300 வந்தா அருமை, 200 வந்தா பரவாயில்ல, 150க்கு கீழ போனா கையில வச்சுப் பார்க்கிறப்போ மசமசன்னு தெரிய ஆரம்பிக்கும். 4×6க்கு 1800×1200 இருந்தா 300 வந்துடும், A4க்கு 3508×2480 வேணும். 12 மெகாபிக்சல் போன் போட்டோ 4000×3000 பக்கம் இருக்கும், A4க்கு அது தாராளம். ஆனா வாட்ஸ்அப்ல சாதாரணமா வந்த போட்டோ சுருங்கித்தான் வந்திருக்கும், உதாரணத்துக்கு 1600×1200ன்னு வச்சுக்கோங்க, 4×6ல நல்லாவே வரும், A4ல போட்டா 137தான் வருது. எடுத்தவங்ககிட்ட டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லி ஒரிஜினலை வாங்குங்க. போட்டோவோட ப்ராப்பர்ட்டீஸ்ல 72 டிபிஐன்னு (இன்ச்சுக்கு எத்தனை புள்ளின்னு சொல்றது) போட்டிருக்கேன்னு பயப்பட வேணாம், அது வெறும் குறிப்பு, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு. பிரிண்டர் டப்பாவுல போட்டிருக்க 4800, 5760 எல்லாம் இங்க் துளியோட கணக்கு, உங்க போட்டோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, போட்டோவை 4800க்கு பெருசாக்கிட்டு உட்காராதீங்க.

குவாலிட்டி ஹை போதும். அதுக்கும் மேல ஒண்ணு இருந்தா நேரமும் இங்க்கும்தான் அதிகமாகும், வித்தியாசம் கண்ணுக்கு சிக்குறது கஷ்டம். ஹை ஸ்பீடு இல்லனா பைடைரக்ஷனல்னு ஒரு டிக் இருந்தா போட்டோவுக்கு மட்டும் எடுத்துடுங்க, இங்க் தெளிக்கிற ஹெட் ஒரே திசையில மட்டும் அடிக்கும், மெதுவா வந்தாலும் மெல்லிய கோடெல்லாம் சுத்தமா வரும்.

இப்ப கலர். இங்க ஒரே ஒரு விதிதான், கலரை யாராவது ஒருத்தர்தான் பார்த்துக்கணும், ஒண்ணு ஆப், இல்ல பிரிண்டர். போட்டோஷாப்ல பிரிண்ட் பெட்டியில கலர் ஹேண்ட்லிங்னு இருக்கும், அதுல போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்னு வச்சு பேப்பரோட ஐசிசி ப்ரொஃபைலை (அந்த பேப்பர்ல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைல்) எடுத்துட்டு, டிரைவர்ல கலர் கரெக்ஷனை ஆஃப் பண்ண மறந்துட்டா ஒரே போட்டோவை ரெண்டு பேரும் திருத்துவாங்க, முகமெல்லாம் சிவந்து போய் வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். ப்ரொஃபைல்னா என்னன்னு இன்னும் பழகாதவங்க பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்லயே விடுங்க, பேப்பர் டைப் சரியா இருந்தா டிரைவரே நல்ல கலர் கொடுக்கும். ஆட்டோ போட்டோ ஃபிக்ஸ், என்ஹான்ஸ் மாதிரி எதாவது இருந்தா, ஏற்கனவே எடிட் பண்ண போட்டோவுக்கு அதை ஆஃப் பண்ணிடுங்க. கேமராவுல அடோபி ஆர்ஜிபின்னு (அதிக கலர் அடங்குற ஒரு செட்டிங்) வச்சு எடுத்த படம்னா பிரிண்டுக்கு முன்னாடி எல்லா ஆப்பும் எதிர்பார்க்கிற எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தி ஒரு காப்பி வச்சுக்கோங்க, கலர் ப்ரொஃபைலை மதிக்காத ஆப்ல இருந்து அப்படியே பிரிண்ட் கொடுத்தா பச்சையும் சிவப்பும் சோகையா வரும். பிரிண்டர்ல இருக்கிறது சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) இங்க்தானேன்னு போட்டோவையும் சிஎம்ஒய்கேவா மாத்திடாதீங்க, வீட்டு பிரிண்டர் டிரைவர் எதிர்பார்க்கிறது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்), மாத்துற வேலைய அதுவே பண்ணிக்கும்.

பிரிண்ட் எப்பவும் இருட்டாவே வருதுன்னு சொல்றவங்க பிரிண்டரை விட்டுட்டு ஸ்கிரீனைப் பாருங்க. பகல் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பிரைட்னஸ முழுசா வச்சிருப்பீங்க, பேப்பருக்கு சொந்த வெளிச்சம் கிடையாதே. ஒரு வெள்ளைப் பக்கத்தை ஸ்கிரீன்ல திறந்து, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு, ரெண்டும் ஒரே அளவு வெள்ளையா தெரியுற வரைக்கும் பிரைட்னஸை இறக்குங்க, அளந்து பார்க்கிறவங்க ஸ்கிரீன் வெளிச்சத்தை சதுர மீட்டருக்கு 80ல இருந்து 120 கேண்டெலா வரைக்கும் வைப்பாங்க. இப்போ போட்டோவைப் பார்த்தா அதுவும் இருட்டாத்தான் தெரியும், எடிட்டர்ல அதை ஏத்திட்டு பிரிண்ட் கொடுங்க.

பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ லேசா பச்சையாவோ ஊதாவாவோ வந்தா டிரைவர்ல கிரேஸ்கேல் டிக் போட்டுப் பாருங்க. நாலு இங்க் மட்டும் இருக்கிற பிரிண்டர்ல கிளாஸி பேப்பர்னா அந்த சாயல் முழுசா போகாது, மேட் பேப்பர்ல போட்டா கருப்பு இங்க்கையும் சேர்த்துக்க வாய்ப்பு இருக்கு, பழைய குடும்ப போட்டோவை ஸ்கேன் பண்ணி போடுறவங்களுக்கு நான் மேட் பேப்பர்தான் சொல்வேன்.

பெரிய பேப்பரை வைக்கிறதுக்கு முன்னாடி நாசில் செக் (இங்க் வர்ற துளையெல்லாம் அடைக்காம இருக்கான்னு பார்க்கிற பிரிண்ட்) ஒண்ணு சாதாரண தாள்ல போடுங்க, கோடு விட்டுப்போயிருந்தா மட்டும் ஹெட் கிளீனிங், சும்மா சும்மா கிளீன் பண்ணா இங்க்தான் காலியாகும். அப்புறம் A4ல போடப் போற போட்டோவை முதல்ல 4×6ல அதே பேப்பர் வகையில ஒண்ணு போட்டு பகல் வெளிச்சத்துல பாருங்க, சரின்னு பட்டதும் டிரைவர்ல அந்த செட்டிங்கை ஒரு பேர் கொடுத்து சேவ் பண்ணிடுங்க, கிளாஸி 4×6 ஒண்ணு, மேட் A4 ஒண்ணுன்னு, அடுத்த தடவை ஒரே கிளிக்ல வந்துடும். பிரிண்ட் வெளிய வந்ததும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா பூச்சுக்குள்ள ஈரம் இருக்கும். கண்ணாடி ஃபிரேமுக்குள்ள போடுறதா இருந்தா ஒரு நாள் முழுக்க வெளிய காய விட்டுட்டு போடுங்க, இல்லனா உள்ள இருக்கிற ஈரம் கண்ணாடியில பனி மாதிரி படிஞ்சிடும்.