கையால் கரடி பொம்மை தைக்கும் முறை

முதல் முறை தைப்பவர்கள் 30 செ.மீ. உயரமுள்ள கரடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதைவிடச் சிறியதாக இருந்தால், தைத்த கைகால்களை உட்புறம் வெளியே வருமாறு புரட்டுவதே பெரும்பாடாகிவிடும். அங்கோரா ஆட்டின் ரோமத்தால் நெய்யப்படும் மொஹேர் துணி விலை கூடியது. எளிதில் கிடைக்கும் செயற்கை ஃபர் துணியிலும் நன்றாகத் தைக்கலாம். ஆனால் அதன் அடித்துணி பெரும்பாலும் பின்னலாக இருப்பதால், பஞ்சு அடைக்கும்போது இழுபட்டு முகம் அகன்றுபோகும்; அவ்வாறு இழுபடும் துணியானால் தலைப் பகுதிக்கு மட்டுமாவது உள்ளே மெல்லிய பருத்தித் துணியை இணைத்துக்கொள்ள வேண்டும்.

ரோமம் சாயும் திசையைக் கையால் தடவிப் பார்த்து, துணியின் பின்புறத்தில் அம்புக்குறியிட்டு, எல்லா உறுப்புகளுக்கும் ரோமம் கீழ்நோக்கிச் சாயுமாறு வரைந்துகொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வடிவத்தைத் திருப்பிப்போட்டு வரைய வேண்டும். கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டினால் ரோமம் குட்டையாகாது. ஓரத்தில் 5 மி.மீ. விட்டு, ரோமத்தை ஊசியால் உள்ளே தள்ளியபடி நெருக்கமான பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னே எடுக்கும் தையல்) போடுங்கள். பஞ்சு அடைக்க ஒவ்வோர் உறுப்பிலும் சிறு திறப்பு இருக்கட்டும்.

பொம்மையின் உயிர் தலையில்தான் இருக்கிறது. மூக்கிலிருந்து பிடரிவரை செல்லும் நடுத்துண்டை இரு கன்னத் துண்டுகளுக்கு இடையே இணைக்கும்போது, மூக்கின் மையத்தை முதலில் பொருத்திவிட்டு, அங்கிருந்து கழுத்தை நோக்கி ஒவ்வொரு பக்கமாகத் தைக்க வேண்டும். கழுத்திலிருந்து தொடங்கினால் முகம் ஒருபுறம் கோணிவிடும். பஞ்சைச் சிறு சிறு கிள்ளலாக எடுத்து, மூக்கு நுனியிலிருந்து மரக்குச்சியால் கல்போல் இறுக அடைக்க வேண்டும். பழைய கரடிகளில் இலவம்பஞ்சும் அடைத்தார்கள். அது துவைத்தால் கட்டிதட்டும் என்பதால் பாலியஸ்டர் பஞ்சையே நான் பரிந்துரைப்பேன்.

கண்களைத் தைக்கும் முன், கறுப்புத் தலையுள்ள இரண்டு குண்டூசிகளைக் குத்தி, சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். கண்கள் தாழ்ந்தும் அகன்றும் இருந்தால் குட்டிக் கரடியின் முகம் வரும். உயர்ந்து நெருங்கினால் வயதான முகமாகும். இடம் முடிவானதும், கண்ணின் நூலை நீண்ட ஊசியால் பிடரிவரை கொண்டுசென்று இழுத்து முடிச்சிட்டால், கண் சற்று உள்வாங்கி, பார்வை தெளியும். மூக்கருகே ரோமத்தைக் கத்தரித்து, தடித்த எம்பிராய்டரி நூலால் செங்குத்தாக மூக்கை நிரப்புங்கள். காதுகளைக் கடைசியில் வைத்துப் பார்த்துத் தையுங்கள்.

ஜெர்மனியின் கீங்கன் நகரில் ரிச்சர்ட் ஷ்டைஃப் 1902இல் வடிவமைத்த கரடியிலேயே கைகால்கள் அசைந்தன. இன்று அழுத்த அட்டை வட்டுகளும் பிளவூசிகளும் (நுனி இரண்டாகப் பிரியும் உலோக ஊசிகள்) கொண்டு கழுத்தையும் கைகால்களையும் இணைக்கிறார்கள். பிளவூசியின் நுனிகளை வட்டின்மீது இறுகச் சுருட்டாவிட்டால், சில நாட்களிலேயே கால் தொங்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கானால் பிளவூசியும் கண்ணாடிக் கண்ணும் வேண்டவே வேண்டாம். கண்களை நூலாலேயே எம்பிராய்டரியாகப் போட்டு, கைகால்களை உடலோடு உறுதியாகத் தைத்துவிடுங்கள். இறுதியில் உடலை நிரப்பி, முதுகுத் திறப்பை, நூல் வெளியே தெரியாத மறைதையலால் மூடி, தையலில் சிக்கிய ரோமத்தை ஊசி நுனியால் எடுத்துவிட வேண்டும்.