சமூக அடுக்குகளுக்குக் காரணம் தேடும்போது நேரும் தவறுகள்

சமூகத்தில் மேல், கீழ் என்ற அடுக்குகள் எப்படி உண்டாயின என்று கேட்டால், ‘வேளாண்மை வந்தது, உபரி சேர்ந்தது, ஏற்றத்தாழ்வு பிறந்தது’ என்ற விடை மனப்பாடச் செய்யுள்போல வந்து விழும். இது முழுப் பொய்யன்று. ஆனால் இதோடு நின்றுவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. துருக்கியின் சத்தால்ஹூயூக்கில் கி.மு. 7100 அளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரிட்டு வாழ்ந்தவர்களின் வீடுகள் ஏறத்தாழ ஒரே அளவில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் அகழாய்வில் வெளிப்படவில்லை. வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழ்ந்த ஹைடா, டிலிங்கிட் மக்களோ உணவுக்காகப் பயிரிடாதவர்கள்; ஆயினும் அவர்களிடையே உயர்குடியினர், பொதுமக்கள், அடிமைகள் என்ற நிலைகள் இருந்தன, அடிமையின் பிள்ளையும் அடிமையாகவே வளர்ந்தது. பருவந்தோறும் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனைப் புகையில் உலர்த்திக் குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொள்ள முடிந்ததும், நல்ல மீன்பிடி இடங்கள் குறிப்பிட்ட குடிகளின் உரிமையாக இருந்ததும் இதில் பெரும்பங்கு வகித்தன. சேர்த்துவைக்கவும் காவல் காக்கவும் பிள்ளைக்கு விட்டுச்செல்லவும் தக்க பொருள் யார் கையில் இருந்தது என்று கேட்பது, உழுதார்களா என்று கேட்பதைவிடப் பயன் தரும்.

தனிமனிதர் பெற்ற மதிப்பையும் பிறப்பால் வரும் நிலையையும் ஒன்றாகக் கருதுவது இன்னொரு தவறு. பல்கேரியாவின் வர்னா நகரில் (நம் வர்ணத்துக்கும் இந்த ஊர்ப்பெயருக்கும் தொடர்பில்லை) 1972இல் வெளிப்பட்ட, ஏறத்தாழ 6500 ஆண்டுப் பழமையான இடுகாட்டில், ஒரே ஆணின் குழியில் ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தங்கம் இருந்தது. அதை மட்டும் கொண்டு பரம்பரை உயர்குடி இருந்தது என முடிவு கட்டிவிட முடியாது; அவர் தம் ஆயுளிலேயே அந்த இடத்தை அடைந்திருக்கலாம். எதையும் ஈட்டியிருக்க முடியாத குழந்தையின் குழியில் அத்தகைய செல்வம் இருந்தால்தான் அந்த ஊகம் வலுப்பெறும்.

ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் வாதத்தையே அதன் காரணமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. முக்கியமான பணிகளுக்குத் திறமையானவர்களை ஈர்க்கவே சமூகம் கூடுதல் வெகுமதி தருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர்களான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் வாதிட்டனர். ஒரு வாரம் குப்பை அள்ளாத தெருவில் குடியிருந்தவருக்கு இந்த வாதம் எளிதில் செரிக்காது.

சாதியைப் பற்றிப் பேசும்போது சாத்திரமே முழுக் காரணம் என்று ஒரு சாராரும், வெள்ளையர் எடுத்த மக்கள்தொகைக் கணக்கே அதைப் படைத்தது என்று மறுசாராரும் சொல்கின்றனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சாதிகளை வரிசைப்படுத்த முயன்று உரசலைக் கூட்டியது உண்மைதான். ஆனால் வரிசைப்படுத்த ஏற்கெனவே ஏதோ இருந்தாக வேண்டும். இங்கும் பொருள் யார் கையில் இருந்தது என்றே கேட்க வேண்டும். தஞ்சை நஞ்சைப் பகுதியில் நிலமும் நெற்களஞ்சியமும் மிராசுதாரிடம் இருந்தன. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அவர் குடிசை போட்டிருந்த மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதே என்பதால், கூலி போதாது என்று வாய் திறந்தால் வேலையோடு வீடும் போகும். பண்ணையாளின் கூலிக்கும் வேலைக்கும் ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டம் 1952இல் வந்தது. குடிசை நின்ற மனை அங்கே குடியிருந்தவருக்கே உரிமையாக, 1971இல் தனியாக இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.